கால் நாடியும் கணக்குத் தாளும்

சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை



ஆண்டு விழா என்றால் கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசக் கேட்டு மகிழ்வதே நமது சங்கத்தின் வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாக, மெட்ரிகுலேஷனுக்கு மேல் கல்லாத ஒரு ரயில்வே குமாஸ்தாவை மேடையேற்ற இவ்வாண்டு செயலாளர் துணிந்துவிட்டார். தலைப்பைக் கேட்டதும் அவரே சற்றுத் தயங்கினார். காலின் இரத்தக் குழாய்களுக்குச் செய்யும் சிகிச்சை, அச்சிகிச்சைக்குப் போடும் பில், அந்தப் பில்லில் எழுதும் குறியீட்டு எண் ஆகிய இவற்றைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றோம். "விழாவுக்குக் குழந்தைகளும் வருவார்களே!" என்றார். குழந்தைகள் உறங்கினாலும் குற்றமில்லை. அவர்களைப் பெற்றவர்கள் விழித்திருந்தால் போதும்.

இப்பொருளை நாம் தேடிச் சென்று கற்கவில்லை. அதுவே நம் வீட்டு வாசலில் வந்து நின்றது.

நம் தமக்கையின் கணவர், அதாவது நம் அத்தான், இந்தக் கரக்பூரில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். (அப்பதவிக்கு இப்போது டிரெயின் மேனேஜர் என்று பெயர். அத்தானுக்கு அப்பெயர் பிடிப்பதில்லை.) பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. சிகரெட்டும் உண்டு. கோல்பஜாருக்குக் காய்கறி வாங்க எங்களுடன் நடந்து வருகையில் நூறு நூற்றைம்பது அடி வைத்ததும் நின்றுவிடுவார். நின்ற இடத்தில் ஏதேனும் ஒரு சுவரொட்டியை உற்றுப் படிப்பார். இரண்டு நிமிஷம் கழித்து நடப்பார், மீண்டும் நிற்பார், மீண்டும் ஒரு சுவரொட்டி. வங்காள எழுத்தே அறியாத மனிதர் வங்காளச் சுவரொட்டிகளை இவ்வளவு ஆர்வமாய்ப் படிப்பானேன் என்று நமக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கெண்டைக் கால் தசைக்கு நடக்கும்போது இரத்தம் அதிகம் தேவை. அங்கே செல்லும் தமனி உள்ளே கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து குறுகியிருந்தால், தேவையான இரத்தம் போய்ச் சேராது, தசை வலிக்கும். நின்றால் தேவை குறையும், வலியும் அடங்கும். நடந்தால் வலி, நின்றால் நிம்மதி என்பதே இந்நோயின் முதல் அடையாளம். மூட்டு வாதம் என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நிற்கும்போதும் வலித்தது; படுத்தாலும் வலித்தது. இரவு முழுவதும் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று அக்காள் சொன்னாள். தொங்கவிட்டால் இரத்தம் தன் கனத்தாலேயே சற்று இறங்கும். அதனால் வலி தணியும். இதுவும் பின்னால் அறிந்ததுதான்.

வேற்றூரில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு நள்ளிரவில் வலப் பாதம் வெளுத்துச் சில்லிட்டுப் போயிற்று. ரயில்வே மருத்துவமனைக்குக் கொண்டுவர அவகாசமில்லை. அருகிலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொடையில் ஓடும் தமனி முற்றும் அடைத்திருந்தது. மெல்லிய கம்பியை உள்ளே செலுத்தி, பலூனை விரித்து, ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயை வைத்து வழியைத் திறந்தார்கள். கால் பிழைத்தது. அவர்களுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

பில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. அக்காளின் வளையல்களும் மருமகனின் சேமிப்பும் அதற்குச் சென்றன. அவசர நிலையில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், மத்திய அரசு சுகாதாரத் திட்டத்தின் விகிதப்படி, அந்த விகிதத்துக்கு உட்பட்ட தொகை ரயில்வேயில் திரும்பக் கிடைக்கும் என்பதை இங்குள்ள ஓய்வூதியர் பலர் அறிவீர்கள். அவ்வாறே மனுச் செய்தோம். ஒரு மாதத்தில் கோப்பு திரும்பி வந்தது. குறிப்பு இதுதான்: "சிகிச்சை செய்யப்பட்ட கால் எது என்பதில் முரண்பாடு உளது. பதிக்கப்பட்ட ஸ்டென்ட்டின் ஒட்டுச்சீட்டு இணைக்கப்படவில்லை. தெளிவு பெற்று மறுபடி சமர்ப்பிக்க."

எடுத்துப் பார்த்தோம். டிஸ்சார்ஜ் தாளின் தலைப்பில் வலக் கால் என்றிருந்தது. ஆறு வரி கீழே, செய்த சிகிச்சையை விவரிக்குமிடத்தில் இடத் தொடைத் தமனி என்றிருந்தது. பில்லில் 'கால் ஆஞ்சியோபிளாஸ்டி' என்னும் இரண்டே சொற்கள்.

இந்தச் சபையில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். உறவினர் கோப்பை நாம் தொடலாகாது என்பதால் அது வேறொரு மேசைக்குச் சென்றது. அம்மேசையிலிருந்த இளைஞர் நம்மிடம் வேலை பழகியவர். அந்த ஆட்சேப வாசகம், 'உளது' என்ற சொல் உட்பட, நாம் அவருக்குக் கற்பித்தது. அவர் செய்தது முற்றும் முறையே. நாமும் அதையேதான் எழுதியிருப்போம். பதினெட்டு ஆண்டுகளில் எத்தனையோ கோப்புகளில் எழுதியும் இருக்கிறோம். எழுதித் திருப்பிய கோப்பு எந்த வீட்டுக்குச் செல்கிறது, அங்கே யாருடைய வளையல் அடகிலிருக்கிறது என்று ஒரு நாளும் எண்ணியதில்லை.

இது நிற்க. குறியீட்டு எண்ணுக்கு வருவோம்.

அத்தானின் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தாவரவியல் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகளுக்கு முன் கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்றவள். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு அக்காள் 'கம்ப்யூட்டர்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவாள். நமக்கும் அதற்குமேல் தெரியாது. பூஜை விடுமுறைக்கு வந்தவள் தந்தையின் தாள்களைத் தரையில் பரப்பி, ஒரு பென்சிலுடன் உட்கார்ந்தாள். கால் மணி நேரத்தில் பதினொரு இடங்களில் கோடிட்டாள். "இவையெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றோம். "நாள்தோறும் நான் பார்ப்பது கால்கள்தானே, மாமா! ஆனால் எல்லாம் அமெரிக்கக் கால்கள்" என்றாள்.

அவள் வேலைக்கு மெடிக்கல் கோடிங் என்று பெயர். அமெரிக்காவில் ஒரு டாக்டர் சிகிச்சை செய்து முடித்து, தாம் செய்ததை விவரமாக எழுதுகிறார். அவ்வெழுத்து கம்ப்யூட்டர் வழியே சென்னைக்கோ கோவைக்கோ திருச்சிக்கோ வருகிறது. நமது பிள்ளைகள் அதைப் படித்து, நோய்க்கு ஓர் எண்ணும், செய்த சிகிச்சைக்கு ஓர் எண்ணும் கொடுக்கிறார்கள். அந்நாட்டு இன்ஷூரன்ஸ் அவ்வெண்களைக் கண்டே பணம் தருகிறது. இம்மாதிரி வேலைக்குச் சென்ற பிள்ளைகள் நமது காலனியிலும் சிலர் உண்டு. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்ள இதுவும் ஒரு வாய்ப்பு.

நோய்களுக்கு எண் கொடுக்கும் வழக்கம் பழையது. பாரிஸ் நகரப் புள்ளிவிவரத் துறையின் தலைவர் ஜாக் பெர்டியோன் என்பவர் மரண காரணங்களை வகைப்படுத்திச் செய்த பட்டியல் 1893ல் சிகாகோ மாநாட்டில் ஏற்கப்பட்டது. 1948ல் அது உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் பத்தாம் திருத்தத்தையே ஐ.சி.டி.10 என்கிறார்கள். சிகிச்சைகளுக்கான எண் பட்டியல் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1966ல் முதன்முதலாக வெளியிட்டது; சி.பி.டி. என்பது அதன் பெயர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1964 ஜனவரி 16ஆம் நாள், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் சார்லஸ் டாட்டர் என்னும் டாக்டர், காலை வெட்ட வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லியும் சம்மதியாத 82 வயது மூதாட்டி ஒருத்தியின் தொடைத் தமனிக்குள் குழாய் செலுத்தி அடைப்பை விரித்தார். கத்தியின்றிக் கால் தமனியைத் திறக்கும் வித்தை அன்று பிறந்தது. மூதாட்டி தன் சொந்தக் கால்களிலேயே நடந்தாள். பலூன் பின்னால் வந்தது. சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் 1974ல் கொண்டுவந்தார். அறுத்துச் செய்யும் வழி இவற்றுக்கு முந்தியது. அடைபட்ட இடத்தைச் சுற்றி நோயாளியின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுப் பாதையாகத் தைக்கும் முறையைப் பாரிஸில் ஜான் கூன்லென் 1948ல் செய்து காட்டினார்.

பட்டியலைப் புரிந்துகொள்ளக் காலின் வரைபடம் வேண்டும். ரயில்வேக்காரர்களுக்கு அது கடினமன்று.

இருதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனி தொப்புள் அருகே இரண்டாகப் பிரிந்து காலுக்கு ஒன்றாகச் செல்கிறது. இடுப்பில் ஓடும் பகுதி இலியாக். அது அடிவயிற்றின் கவட்டைத் தாண்டியதும் ஃபெமரல், அதாவது தொடைத் தமனி. தொடையின் கீழ் முனையில் முழங்காலுக்குப் பின்னால் சென்றதும் பாப்லிடியல். ஊர் மாறினால் பாதையின் பெயர் மாறுகிறதே தவிர, பாதை ஒன்றே. முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஒரு கரக்பூர் இருக்கிறது! ஹௌராவிலிருந்து வரும் பாதை நமது ஜங்ஷனில் டாட்டாநகர் வழி, பாலேசுவரம் வழி, மேதினிபுரம் வழி என மூன்றாகப் பிரிவதுபோல, அங்கே வந்த தமனி முன் டிபியல், பின் டிபியல், பெரோனியல் என்று மூன்றாகிறது. முதலில் முன் டிபியல் பிரிகிறது. மற்ற இரண்டும் சிறிது தூரம் ஒரே தடத்தில் சென்று பிறகு விலகுகின்றன. கணுக்காலுக்குக் கீழே பாதத்தின் கிளைகள்.

2011 முதல் அமெரிக்காவில் கம்பி, பலூன் வழிச் சிகிச்சைக்குப் பதினாறு எண்கள் இருந்தன. 37220 முதல் 37235 வரை. இடுப்புக்கு நான்கு, தொடை முழங்காலுக்கு நான்கு, முழங்காலின் கீழ் எட்டு. தொடையில் பலூன் மட்டும் விரித்தால் 37224. படிவைச் சுரண்டி எடுத்தால் 37225. ஸ்டென்ட் வைத்தால் 37226. சுரண்டலும் ஸ்டென்ட்டும் சேர்ந்தால் 37227. இதில் ஒரு நுட்பம் உண்டு. தொடையிலிருந்து முழங்கால் வரை முழுவதும் ஒரே குழாயாகக் கணக்கு. அதில் மூன்று இடத்தில் அடைப்பிருந்து மூன்று ஸ்டென்ட் வைத்தாலும் எண் ஒன்றே, ஒரே முறை. ஆனால் முழங்காலுக்குக் கீழே மூன்று கிளைகளுக்கும் தனித்தனிக் கணக்கு. முதற்கிளைக்கு முழு எண்ணும் மற்றவற்றுக்குத் துணை எண்ணும் போடலாம். மேலே சொன்ன பொதுத் தடத்தை நான்காவது கிளையாக எண்ணலாகாது.

2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அப்பதினாறும் நீக்கப்பட்டு, 37254 முதல் 37299 வரை நாற்பத்தாறு எண்கள் வந்திருக்கின்றன. கணுக்காலுக்குக் கீழ்ப்பட்ட பகுதி நான்காவது பிரிவாகத் தனியே சேர்ந்திருக்கிறது. குழாய் குறுகியிருந்ததா, முற்றும் அடைத்திருந்ததா என்பதற்கும் எண் வேறுபடுகிறது. முற்றும் அடைத்ததைத் திறப்பது கடினமான வேலையன்றோ! நம் மருமகள் ஆறு ஆண்டு மனப்பாடம் செய்ததை ஒரே நாளில் மறந்து மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. மதராஸ் 1996ல் சென்னை ஆயிற்று. சென்ட்ரலின் பெயரும் 2019ல் மாறிற்று. ஆயினும் நமது டிக்கெட்டில் எம்.ஏ.எஸ். என்ற நிலையக் குறியீடு அசையாமல் நிற்கிறது. ரயில்வேயின் பொறுமை டாக்டர்களுக்கு இல்லை போலும். அறுத்துச் செய்யும் மாற்றுப் பாதைக்கு மட்டும் பழைய எண்களே நிலைத்திருக்கின்றன. தொடையிலிருந்து முழங்காலுக்குச் சொந்தச் சிரையால் பாதை தைத்தால் 35556. செயற்கைக் குழாயால் தைத்தால் 35656.

இவ்வெண்களைக் கேட்டதும் ஒரு பெரியவர் இங்கிருந்தே, "எண் போடுவதில் ஏமாற்றலாமே!" என்று கேட்பது நமக்குக் கேட்கிறது. ஆம், இடமுண்டு. கரக்பூரிலிருந்து சென்னைக்கு நேராக ஒரே டிக்கெட் எடுத்தால் ஒரு கட்டணம். அதையே பாலேசுவரத்துக்கு ஒன்று, அங்கிருந்து புவனேசுவரத்துக்கு ஒன்று, அங்கிருந்து விசாகப்பட்டினத்துக்கு ஒன்று எனத் துண்டு துண்டாக வாங்கிக் கூட்டினால் தொகை மிகும். தூரம் கூடக்கூட மைலுக்கு ஆகும் விகிதம் குறைவது நமது கட்டண முறை. பில்லிலும் அப்படியே. ஸ்டென்ட் வைத்ததற்கான எண்ணுக்குள் ஊசி குத்தியது, கம்பி செலுத்தியது, எக்ஸ்ரே ஒளியில் வழி பார்த்தது, அதே குழாயில் முதலில் பலூன் விரித்தது, முடிவில் துளையை அடைத்தது எல்லாம் அடக்கம். அவற்றைப் பிரித்து வேறு வேறு வரியாகக் காட்டுவது துண்டு டிக்கெட் வியாபாரம். அரசாங்கப் பணத்தில் அதைத் தெரிந்தே செய்தால், அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1863ல் இயற்றப்பட்ட பொய்க் கோரிக்கைச் சட்டம் இன்றும் பாயும். ஆகவே நமது பிள்ளைகள் இரண்டு பக்கமும் கூரான பாதையில் நடக்கிறார்கள். செய்ததை விட்டுவிட்டால் டாக்டருக்கு நஷ்டம். செய்யாததைச் சேர்த்தால் குற்றம். டாக்டரின் குறிப்பில் எழுதப்படாதது செய்யப்படாததாகவே கொள்ளவேண்டும் என்பது அவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடமாம்.

சிகிச்சை எண் மட்டும் போதாது. அதைத் தாங்க நோயின் எண் வேண்டும். இங்கேதான் நம் அத்தானின் கதை திரும்ப வருகிறது.

கால் தமனி தடிப்பு நோய்க்கு அமெரிக்கப் பட்டியலில் ஐ 70.2 என்று தலைப்பு. அதற்குப் பின்வரும் இலக்கம் நோயாளி எந்தப் படியில் நிற்கிறார் என்பதைச் சொல்கிறது. 1 என்றால் நடந்தால் வலி. 2 என்றால் படுத்தாலும் வலி. 3 என்றால் வலக் காலில் புண். 4 என்றால் இடக் காலில் புண். 6 என்றால் அழுகல். வலி, அழுகல் ஆகிய படிகளில் கடைசி இலக்கம் பக்கத்தைச் சொல்லும். வலம் 1, இடம் 2, இரண்டும் 3. நீரிழிவு இருந்தால் அதற்கு இ 11.51 என்று தனி எண் உடன் சேரும். கோல்பஜாரில் சுவரொட்டி படித்தவர் 70.211. கட்டிலில் காலைத் தொங்கவிட்டவர் 70.221. "அப்பா இரண்டு ஆண்டுகளாக முதற்படியில் நின்றிருக்கிறார், மாமா. நாம் யாரும் பார்க்கவில்லை" என்றாள். அத்தான் அப்போது அடுத்த அறையில்தான் இருந்தார்.

நோயின் எண் வலம் என்றும், சிகிச்சையின் எண் இடம் என்றும் சென்றால், அங்கே எந்த மனிதரும் பார்க்குமுன் கம்ப்யூட்டரே திருப்பிவிடும். நமது ஊரில் கம்ப்யூட்டர் செய்வதை நாம் செய்தோம். வேறுபாடு யாதெனில், அங்கே எண் போடுபவர் ஐயம் தோன்றிய உடனே டாக்டரிடம் எழுத்தில் கேட்கிறார். டாக்டர் மூலத்தை அழிக்காமல், கீழே தேதியிட்டு, கையொப்பமிட்டு ஒரு பின்குறிப்பு எழுதுகிறார். நாங்கள் செய்தது வேறு. ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினோம். அங்கே ஒருவர் 'இடது' என்பதன் மேல் வெள்ளை மை பூசி 'வலது' என்று எழுதிக் கொடுத்தார். கையொப்பம் இல்லை, தேதி இல்லை. அழித்தெழுதிய தாளை எந்தக் கணக்குப் பிரிவும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. கோப்பு இரண்டாம் முறையும் திரும்பியது. மூன்றாம் முறை, மருமகள் சொல்லிய வாசகத்தின்படி, சிகிச்சை செய்த டாக்டரிடமே பின்குறிப்பு வாங்கி, ஆஞ்சியோகிராம் குறுந்தட்டையும் ஸ்டென்ட்டின் ஒட்டுச்சீட்டு நகலையும் சேர்த்து அனுப்பினோம். ஏழு மாதம் கடந்துவிட்டது.

அந்த ஏழு மாதத்தில் அத்தானின் வலப் பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்தன.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெயிற்காலத்தில் காலுறை அணிந்துகொண்டிருந்தார். ஸ்டென்ட் வைத்த வழி மீண்டும் குறுகக் கூடும் என்றும், வலி திரும்பினால் உடனே வரவேண்டும் என்றும் டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அக்காள் வாடை அறிந்து காலுறையை இழுத்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று நாம் கடிந்துகொண்டபோது, அத்தான் நம் முகத்தைப் பார்க்காமல், "முதல் பணமே வரவில்லையே, மாப்பிள்ளை. இன்னொன்றுக்கு யாரிடம் கேட்பது?" என்றார். அதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. இன்றும் இல்லை.

இம்முறை ரயில்வே மருத்துவமனையின் சிபாரிசோடு முறையாகச் சென்றோம். வழியை மறுபடி திறந்தார்கள், பாதம் நின்றது, இரண்டு விரல்கள் போயின. மருமகள் சென்னையிலிருந்து போனில் தாள்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நாம் படித்தோம். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "221 என்பது 261 ஆகிவிட்டது, மாமா. இ 11.51 என்பது 52 ஆகிவிட்டது" என்றாள். ஆயிரக்கணக்கான தாள்களில் அந்த 6 என்ற இலக்கத்தை அவள் தட்டியிருக்கிறாள். மறுநாள் வேலைக்குச் செல்லவில்லை என்று பின்னர் அறிந்தோம்.

முதல் பில்லின் தொகை, விகிதத்துக்கு உட்பட்ட அளவில், அதற்கு அடுத்த மாதம் வந்தது. வளையல்கள் மீண்டன.

இனி இல்லங்களுக்குச் சொல்ல வேண்டியவை. நாற்பது ஐம்பது வயதைக் கடந்தவர், குறிப்பாக நீரிழிவோ புகைப் பழக்கமோ உள்ளவர், நடக்கும்போது கெண்டைக் கால் வலித்து நின்றால் மறைகிறது என்றால், தைலத்தை ஒதுக்கிவிட்டு டாக்டரிடம் செல்லவேண்டும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது எளிய சோதனை; ஊசி இல்லை, கத்தி இல்லை. 0.9க்குக் குறைந்தால் நோய் உண்டு எனக் கொள்வர். நீரிழிவு முற்றியவர்களுக்குத் தமனி சுண்ணாம்பால் இறுகி இவ்வெண் பொய்யாக உயர்ந்தும் காட்டலாம் என்பதால் முடிவை டாக்டரே சொல்லட்டும். தாய்மார்கள் தினமும் இரவில் வீட்டுப் பெரியவர்களின் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிட வேண்டுகிறோம். காலுறைக்குள் ஒளிக்கும் மனிதர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள்.

சிகிச்சை நடந்துவிட்டால், ஆஸ்பத்திரியை விட்டு வெளிவருமுன் பத்து நிமிஷம் உட்கார்ந்து தாளைப் படியுங்கள். வீட்டுக்கு வந்து படித்தால் பிழையைத் திருத்த நூறு மைல் செல்லவேண்டும். வலமா இடமா என்பது எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். 'கால்' என்று எழுதினால் போதாது. எந்தத் தமனி, குறுகலா முழு அடைப்பா, பலூனா ஸ்டென்ட்டா, எத்தனை என்பது வேண்டும். ஸ்டென்ட், பலூன் ஆகியவற்றின் பெட்டியில் அளவும் வரிசை எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அது குப்பைக் கூடைக்குச் செல்லுமுன் கேட்டு வாங்கவேண்டும். அவசர நிலை ஏன் என்பதை டாக்டர் தம் சொல்லில் எழுதியிருக்க வேண்டும். 'கால் வலி' என்றிருந்தால் எந்தக் குமாஸ்தாவுக்கும் அதில் அவசரம் தெரியாது. தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருப்போர், கிளெய்ம் படிவத்தில் ஆஸ்பத்திரி நிரப்பும் பகுதியில் ஐ.சி.டி.10 எண்ணுக்குரிய கட்டம் வெறுமையாக இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். திருத்தம் எதுவாயினும் கையொப்பமும் தேதியும் இன்றி வாங்காதீர்கள். வெள்ளை மையைக் கண்டால் ஓடிவிடுங்கள்.

நமது மேசையில் இப்போது ஒரு சிறு மாறுதல் செய்திருக்கிறோம். முன்பு ஓர் ஆட்சேபத்தைக் கண்டதும் எழுதித் திருப்புவோம். அது சரியாகி வந்ததும் அடுத்ததைக் காண்போம். இப்போது கோப்பை முழுவதும் படித்து, எல்லாக் குறைகளையும் ஒரே முறையில், யாரிடம் என்ன வாங்கவேண்டும் என்பதோடு எழுதுகிறோம். அந்த இளைஞரும் அவ்வாறே எழுதுகிறார். விதி எதுவும் மாறவில்லை. வாசகம் மட்டும் சற்று நீண்டுவிட்டது.

சங்கத்தின் நூலக அறையில் ஞாயிறு மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை உட்காரச் செயலாளர் அனுமதி தந்திருக்கிறார். மருத்துவ பில் உள்ளவர்கள் தாள்களைக் கொண்டுவரலாம். அசல் வேண்டாம், நகல் போதும். வலம் இடம் பார்ப்பதும் தேதி பார்ப்பதும் நமது பொறுப்பு. ஒட்டுச்சீட்டுகளை எண்ணிச் சரிபார்ப்பதை அத்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார். வண்டியின் பெட்டிகளை எண்ணிப் பழகிய மனிதர். ஒன்று குறைந்தாலும் கொடி காட்டமாட்டார்.